கலங்கிய பீலி

எங்கள் லயத்துக்கு வந்த மறுநாள் காலையில் வன்னியக்கா செய்த முதல் வேலை, லயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, மழைத் தண்ணீர் ஓடும் கான் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்ததுதான். புது மருமகள் அடுப்பு மூட்டுவாள் என்று வாசலில் காத்திருந்த மாமியார் ராமாயி, அரை மணி நேரம் கழித்துச் சேறு அப்பிய காலோடு திரும்பியவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னாத்தத் தொலச்ச?"

"ஒண்டும் இல்லை மாமி. தண்ணி எங்க போகுதெண்டு பாத்தனான்."

"தண்ணி பள்ளத்துக்குத்தான் போவும். அதப் போயி பாக்கணுமா?"

பக்கத்து வாசலில் நின்ற நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தேயிலைத் தோட்டத்து லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்கள்; எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அடுத்த பத்து வருடங்கள் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அடையாள அட்டையில் இருந்ததோடு சரி. பொகவந்தலாவைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை; வடக்கே வன்னியிலிருந்து வந்ததால் வன்னியக்கா. அவருடைய கணவர் எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான். இளவயதில் வன்னிக்குப் போய் ஒரு நெல் ஆலையில் மூட்டை தூக்கியவர், அங்கேயே கல்யாணமும் முடித்துக்கொண்டார். அப்பா இறந்த பிறகு, குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் லயத்துக் காம்பரா நிலைக்கும் என்று அம்மா ராமாயி ஆளனுப்பினார். மனைவியோடு திரும்பி வந்து தேயிலை ஃபெக்டரியில் சேர்ந்தார். அவருக்கு அது ஊர் திரும்புவது. வன்னியக்காவுக்கு மலையேறுவது.

முதல் மாதம் சரிவில் நிற்கத் தெரியாமல் இரண்டு முறை கொழுந்துக் கூடையோடு உருண்டார். இரண்டு முறையும் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, உருண்டு வந்த பாதையைத்தான் திரும்பிப் பார்த்தாராம். "இந்த இடத்தில கான் மண் விழுந்து தூந்துபோச்சு. மண் ஊறிக் கிடக்கு" என்று கங்காணியிடம் முறைப்பாடு வேறு செய்திருக்கிறார்.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பத்து மணித் தேநீருக்கு வந்து பால் கொடுப்பார்கள். வன்னியக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் அவர்களோடு சேர்ந்து வந்துவிடுவார். யாருடைய பிள்ளையாவது அழுதால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். அப்போதுதான் பெண்கள் அவருடைய வாயைக் கிளறுவார்கள்.

"ஏங்கா, ஒங்க ஊருல நெலமெல்லாம் தரையாட்டமா இருக்குமாமே? எப்புடிங்க வழி கண்டுபிடிக்கிறீங்க?"

"ஏன், தண்ணியைப் பாத்துப் போகவேண்டியதுதான்" என்று தொடங்குவார். "காட்டுக்குக் கீழ குளம். குளத்துக்குக் கீழ வயல். வயல் முடிய மணல் தரை, தென்னை நிக்கும். அதுக்கங்கால களப்பு, இறால் பிடிப்பினம். களப்புக் கரையில கோடையில உப்பு விளையும். பிறகு கடல். மேல கீழ எண்டு நான் வாயால சொல்லுறன், கண்ணுக்குத் தெரியாது. எது பள்ளமெண்டு தண்ணிக்கு மட்டுந்தான் தெரியும்."

"மழ பேயுமா?"

"மாரியில மூண்டு மாசம் பேயும். மிச்ச ஒன்பது மாசமும் அந்த மூண்டு மாசத்தை வச்சுத்தான் சாப்பாடு."

எங்களுக்கு அது புரியவில்லை. மழை என்றால் எங்களுக்கு அட்டை, ஈர விறகு, காயாத துணி. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வருடம் முழுக்கச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஏதோ கதை மாதிரி இருந்தது.

வந்த புதிதில் அவர் செய்த ஒரு காரியத்தை லயமே வெகுநாள் சொல்லிச் சிரித்தது. லயத்துக்குப் பின்னால் மலைக்குள்ளிருந்து வரும் ஊற்றுக்குப் பீலி வைத்திருக்கிறோம். ஒரு நீளத் தகரம். அதன் வழியே இராப்பகலாகத் தண்ணீர் கொட்டும். குளிப்பது, துவைப்பது, குடிப்பது எல்லாம் அதில்தான். யாரும் பிடிக்காத நேரத்திலும் அது கொட்டிக்கொண்டே இருப்பதை வன்னியக்காவால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒரு வாரம் பொறுத்திருந்தார். பிறகு ஒருநாள் அந்தியில் ஒரு பழைய சாக்கைச் சுருட்டி ஊற்றுவாயில் இறுக்கமாக அடைத்துவிட்டு வந்துவிட்டார். காலையில் பார்த்தால் பீலி காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் பக்கத்து மண்ணைக் குடைந்துகொண்டு லயத்துக் கோழிக்கூடுகளுக்குள் போய்விட்டது. குடத்தோடு வந்த பெண்கள் போட்ட சத்தத்தில் லயத்துத் தலைவர் ஓடிவந்தார். எங்கள் லயத்து ஆட்களுக்காகத் தோட்ட நிர்வாகியான துரையிடம் பேசுகிறவர் அவர்தான்.

"எந்தக் கிறுக்குப்புள்ள செஞ்ச வேல இது?"

"நான்தான்" என்றார் வன்னியக்கா. "வீணாப் போகுது. விடியத் திறந்துவிடலாம் எண்டு நினைச்சன்."

தலைவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அவரை மேலே கூட்டிப்போய், பாறைவெடிப்புக்குள்ளிருந்து ஊற்று வரும் இடத்தைக் காட்டினார். இதை அடைக்க முடியாது, அடைத்தால் வேறு வழி பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினார். வன்னியக்கா அங்கே குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தாராம். அதற்குப் பிறகு தினமும் காலையில் பீலித் தண்ணீரை ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் குடத்தை வைப்பார். "என்னாடி, தண்ணிக்குள்ள தங்கம் தேடுறியா?" என்று ராமாயி கேட்பார்.

ராமாயி அவரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிட்டதில்லை. "பள்ளத்துக்காரி" என்பார், அதையும் எங்களிடம்தான். வயிற்றில் ஒன்று தங்கவில்லை என்ற பேச்சு நாளுக்கொரு தடவையாவது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். பதிலுக்கு வன்னியக்கா பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும். பிறகு ராமாயிக்கு முழங்கால் விழுந்துவிட்டது. மூன்று வருடம் படுக்கைதான். குளிப்பாட்டி, தலை சீவி, வெற்றிலை இடித்துக் கொடுத்து எல்லாம் மருமகள்தான். அப்போதும் கூப்பிடுவது "இந்தா" என்றுதான்.

ஒருமுறை நான் அவரோடு வன்னிக்குப் போனேன். அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். ஆனி மாதம். ராமாயியைப் பார்த்துக்கொள்ள என் நாத்தனாரை வைத்துவிட்டு, ஹட்டனிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து வவுனியாவுக்கு ஒரு பஸ், அதற்குப் பிறகு இன்னொன்று. கண்டி தாண்டி இறங்க இறங்க நான் கம்பளிச் சட்டையைக் கழற்றினேன். அவர் செருப்பைக் கழற்றினார். அண்ணன் வீட்டு வாசலில் இறங்கியதும் வெறுங்காலோடு அந்தச் சுடுமண்ணில் நடந்த நடையைப் பார்த்தபோது, இவர் எங்கள் மலையில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நடந்திருக்கிறார் என்று தெரிந்தது.

அன்று மாலை என்னைக் குளத்துக்குள் கூட்டிப்போனார். தண்ணீர் நடுவில் ஒரு துண்டு மட்டும் கிடந்தது. மற்ற இடமெல்லாம் தட்டுத்தட்டாக வெடித்த களி. ஓட்டுத் தொழிற்சாலைக்கு அந்தக் களியை வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "எங்கட அப்பா இதைத்தான் வெட்டினவர். மாரியில வயல், கோடையில களி. குளம் நிறைஞ்சா சோறு, வத்தினா ஓடு" என்றார். காய்ந்த காற்று முகத்தில் அறைந்தது. அதற்குச் சோளகம் என்று பெயர் சொன்னார். எனக்கு உதடு வெடித்துவிட்டது. எங்கே நின்றாலும் எல்லாத் திசையிலிருந்தும் யாரோ என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது போல ஒரு கூச்சம். அவரோ சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, வெடிப்புக்கு வெடிப்பு தாண்டிச் சின்னப்பிள்ளை போலப் போய்க்கொண்டிருந்தார்.

கிளம்பும் நாளில் அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அங்க குளிருக்க கிடந்து என்ன கண்டனி? ரெண்டு ஏக்கர் உன்ர பேரில கிடக்கு. அவரையும் கூட்டிக்கொண்டு வாவன்."

"மாமி இருக்கிறா அண்ணை."

"அவ உன்னை ஒரு நாளாவது..."

"மாமி இருக்கிறா" என்று அதே குரலில் மறுபடி சொன்னார். அண்ணன் போய்ப் பாலைப்பழம் ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு வந்தார். ராமாயி அதைத் தின்று, பிசினில் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் யாரையும் திட்ட முடியாமல் கிடந்தார். அன்றுதான் வன்னியக்கா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டேன்.

அதே வருடம் கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் தூறலாகக் குறைந்தது. நான்கு நாள் வேலையில்லாமல் இருந்த பெண்கள் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுக் கொட்டியதும் மலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைக்காம்பராவில் என்னிடம் ஒன்பது பிள்ளைகள். தவழ்கிற வயதில் இரண்டு. கட்டடம் லயத்துக்கு நேர் கீழே இருந்தது.

பதினொரு மணி இருக்கும். அன்று மலைக்குப் போகாமல் நின்றுவிட்ட வன்னியக்கா மூச்சு வாங்க உள்ளே வந்தார். கையில் ஒரு போத்தல். அதில் தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர்.

"பீலித் தண்ணி, பிள்ளை."

"மழைக்குக் கலங்கியிருக்கும்க்கா."

"மேலால ஓடுற தண்ணி மழைக்குக் கலங்கும். இது பாறைக்குள்ளால வாறது. பத்து வருசமா ஒவ்வொரு நாளும் பாக்கிறன், ஒருநாளும் கலங்கேல்லை. உள்ளுக்க மண் கரையுது." போத்தலை என் கையில் திணித்தார். "நான் சின்னனா இருக்கேக்க எங்கட சின்னக்குளம் உடைஞ்சது. அதுக்கு முதல் நாள் குளக்கட்டடியில இப்பிடித்தான் கசிஞ்சது. தெளிஞ்ச தண்ணி வந்தாப் பயமில்லை. கலங்கி வந்தா உள்ளுக்க தின்னுப்படுது எண்டு அப்பா வீடு வீடாப் போய்ச் சொன்னவர். ஒருத்தரும் கேக்கேல்லை."

தலைவரிடம் ஏற்கெனவே போய்ச் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நிற்கிற லயம் இது, அஞ்சு நாள் மழைக்கு என்ன ஆகப்போகிறது, போவதென்றாலும் எங்கே போவது என்று அவர் கேட்டிருக்கிறார். அதுவும் நியாயந்தான். ஆடு, மாடு, கோழி, நகைநட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு போத்தல் தண்ணீரைப் பார்த்து யார் இறங்கிப் போவார்கள்?

"பெரியாக்களைக் கூப்பிட்டு வேலையில்லை" என்றார் வன்னியக்கா. "பிள்ளையளைக் கொண்டு போவம். ஃபெக்டரிக்கு. தாய் தகப்பன் தானா வருவினம்."

துரையைக் கேட்காமல் பிள்ளைகளைப் படிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். ஃபோனை எடுத்துப் பார்த்தேன்; இரண்டு நாளாகச் சிக்னல் இல்லை. ஒன்பது பிள்ளைகளை மழையில் நனைத்து, ஒன்றுமே நடக்காவிட்டால் வேலையும் போய், ஊர்ப் பேச்சும் மிஞ்சும். அவருடைய முகத்தைப் பார்த்தேன். கெஞ்சவில்லை. ஏற்கெனவே ஒரு பிள்ளையைத் தூக்கித் துவாயால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பிழையாப் போச்செண்டா நான் சொல்லித்தான் செய்தனி எண்டு சொல்லு. என்னை ஏசட்டும்."

நான் மற்றக் குழந்தையைத் தூக்கினேன். மிச்ச ஏழு பேரும் என் சேலை முந்தானையையும் அவருடைய முந்தானையையும் பிடித்துக்கொண்டார்கள். லயத்து வாசலோடு போகும்போது வன்னியக்கா, பத்து வருடத்தில் நான் கேட்டிராத சத்தத்தில் கூவினார்: "பிள்ளையளை ஃபெக்டரிக்குக் கொண்டு போறம். வேணுமெண்டால் வந்து எடுங்கோ."

கதவுகள் திறந்தன. யாரோ கையைத் தட்டி எங்களை நிறுத்தப் பார்த்தார்கள். நாங்கள் நிற்கவில்லை. ஃபெக்டரி ஓடைக்கு அந்தப் பக்கம், கல்மேட்டில் இருக்கிறது. அவருடைய கணவர் கதவைத் திறந்து, கொழுந்து வாட்டும் மாடிக்குப் பிள்ளைகளை ஏற்றினார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்ததோடு சரி. வன்னியக்கா குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினார். ராமாயி படுக்கையில் கிடந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லயத்துச் சனம் ஒவ்வொருவராக, பிறகு கும்பலாக, திட்டிக்கொண்டே ஓடைப் பாலத்தைக் கடந்தார்கள். முன்னால் ஓடிவந்தவர் தலைவர். ஒன்பதில் ஒன்று அவருடைய பேரன். பாலத்தில் வன்னியக்காவோடு நேருக்கு நேர் முட்டிக்கொண்டார். கையை ஓங்காத குறை. அப்போது வன்னியக்கா என்ன சொன்னார் என்று பிறகு தலைவரே என்னிடம் சொன்னார்: "ஏசுறதைப் பிறகு ஏசுங்கோ அண்ணை. பேரன் பத்திரமா இருக்கிறான். இப்ப வந்து மாமியின்ர கதிரையில ஒரு பக்கம் பிடியுங்கோ." ஏன் திரும்பிப் போனேன் என்று தனக்கே தெரியவில்லை என்றார் தலைவர். இரண்டு பேருமாக ராமாயியை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ராமாயி வழி முழுக்க மருமகளைத் திட்டிக்கொண்டே வந்தார்.

மலையிலிருந்து பெண்களும் செய்தி கேட்டு நேராக ஃபெக்டரிக்கே வந்துவிட்டார்கள். பகல் சாப்பாட்டு நேரம். வழக்கமாக அந்த நேரத்தில் லயம் நிறைந்திருக்கும். ஒரு தாய் என் தோளைப் பிடித்து உலுக்கி, "யாரக் கேட்டு எம்புள்ளய நனச்ச?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. பெரிய லொறி ஒன்று தூரத்தில் வருவது போல ஒரு சத்தம். ஜன்னலுக்கு வெளியே எங்கள் லயத்துக்கு மேலிருந்த மலை, மரத்தோடும் தேயிலையோடும் அப்படியே நடந்து இறங்கியது. லயமும் பிள்ளைக்காம்பராவும் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. அந்தத் தாயின் கை என் தோளிலேயே இருந்தது.

ஒருவர் மட்டும் வரவில்லை. கடைசிக் காம்பராச் சின்னையா. பாதி வழி வந்தவர், கட்டுத்தறியில் நின்ற மாட்டை அவிழ்த்துவிட்டு வருவதாகத் திரும்பிப் போயிருக்கிறார்.

பாடசாலை மண்டபத்தில் நாங்கள் தங்கியிருந்த வாரங்களில் சனம் வன்னியக்காவைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. சின்னையாவின் மகள் படுத்திருந்த மூலையிலேயே போய் இருந்துகொள்வார். "பாலத்தில அவர் என்னைக் கடந்துதான் திரும்பிப் போனவர், பிள்ளை" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "மாமியைத் தூக்குற அவசரத்தில நான் முகத்தைப் பாக்கேல்லை. கையைப் பிடிச்சிருக்கலாம்." நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. சின்னையாவின் மகளுக்கும் அவருக்கும் நடுவே என்ன பேச்சு நடந்தது என்று தெரியாது. ஒருநாள் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து, வன்னியக்கா பிசைந்த சோற்றை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

மாதம் ஒன்றானது. அண்ணன் ஒரு சின்ன லொறியில் அரிசி மூட்டைகளோடு வந்தார். மண்டபத்துக்கே ஒரு வாரச் சோறு. பாதை உடைந்து ஃபெக்டரியும் மூடிக்கிடந்தது. கணவர் பழைய நெல் ஆலைக்கே போகச் சம்மதித்தார். இப்போது ராமாயிதான் பாக்கி. எங்கள் சனத்தை விட்டு எங்கும் வரமாட்டேன், என்னை இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"மாமி வராட்டி நானும் போகேல்லை" என்றார் வன்னியக்கா. அண்ணன் இரண்டு நாள் லொறியை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த இரண்டு நாளும் மருமகள் கெஞ்சவுமில்லை, கோபிக்கவுமில்லை. குளிப்பாட்டினார், தலை சீவினார், வெற்றிலை இடித்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் ராமாயி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "நீ போயி பாத்தவதானே. அங்கிட்டு வெத்தல கெடைக்குமா?"

"கெடைக்கும் அம்மாயி."

"நல்ல வெத்தலயா?"

"நம்ம ஊரு வெத்தலய விட நல்லாருக்கும்."

"அப்ப அவகிட்ட சொல்லு" என்றார். அந்த 'அவ' இரண்டு அடி தூரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. வன்னியக்கா மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய், மழைக்கானைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

அவர்கள் போய் இரண்டு மாதம் கழித்து நான் வன்னியக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். நாங்கள் இன்னும் தற்காலிகக் கொட்டிலில்தான் இருந்தோம். ஊர்க்கதை எல்லாம் கேட்டார். பிள்ளைகள் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தார். நான் ராமாயியைப் பற்றிக் கேட்டேன்.

"முதல் ரெண்டு கிழமையும் வாசலில இருந்து அழுகைதான். கண்ணு போய் முட்டுறதுக்கு ஒண்டும் இல்லையாம். சாப்பிடவும் மாட்டன் எண்டுட்டா. பிறகு ஒருநாள் பின்னேரம் குளக்கட்டுக்கு மேல கொண்டுபோய் இருத்தினன். இஞ்ச உயரமா இருக்கிறது அது ஒண்டுதானே. கீழ வயலைப் பாத்தா, அந்தப் பக்கம் தண்ணியைப் பாத்தா, அழுகையை நிப்பாட்டினா. இப்ப ஒவ்வொரு நாளும் அங்க போகோணும்."

"கட்டு ஒசரமாச்சேக்கா. அதுல படி இருக்கா?"

"குளக்கட்டில படி வெட்டக்கூடாது, பிள்ளை. வெட்டினா மழைத்தண்ணி அதாலதான் இறங்கும். கட்டை அரிச்சுப்போடும். அண்ணை வெட்டித்தாறன் எண்டு மண்வெட்டியோட வந்தவர், நான் விடேல்லை."

"அப்ப எப்புடி ஏத்துறீங்க?"

"முதுகில" என்றார்.

அவருக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ராமாயியின் குரல் கேட்டது, நல்ல தெம்பாக:

"அடியே மருமவளே, பொழுது எறங்குது. பேசுனது போதும். குனி."